கொக்குக் கூட்டுக்கு நான் போகாத எட்டு நாட்கள்

எங்கள் வீட்டிலிருந்து வெள்ளவத்தைக் கால்வாய்க்கு நடந்து போக ஐந்து நிமிடம்கூட வேண்டாம். கலியாணம் முடித்துக் கொட்டாஞ்சேனையிலிருந்து இந்த ஒழுங்கைக்கு வந்த நாள் முதல், அந்தக் கால்வாயைக் கடந்துதான் சந்தைக்கும் கோயிலுக்கும் போய் வருகிறேன். கடந்தேனே தவிர அதைப் பார்த்ததில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காலை எட்டிப் போட்டு, பாலத்தைத் தாண்டிவிடுவேன். ஊத்தைத் தண்ணீரில் பார்க்கிறதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இருக்கிறது என்று எனக்குக் காட்டியவள் என் மகள். அவள் காட்டியதை நான் எப்படிக் கெடுத்துக்கொண்டேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஓ/எல் பரீட்சை வரைக்கும் படித்தவள் நான். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

ஆறு வருடம் கோயில் கோயிலாக நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளை அவள். ஒரே பிள்ளை. அப்படிப் பெற்ற பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கத்தானே மனம் வரும். அவளோ பொத்துகிற கைக்குள் நிற்கிற பிள்ளை இல்லை. தொடர்மாடிப் படிக்கட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு எறும்பு போகிற வழியைப் பார்ப்பாள். பல்லி முட்டையைத் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து வைத்திருப்பாள். நான் விளக்கு ஏற்றத் தீப்பெட்டியைத் திறந்தால் உள்ளே முட்டை. ரயில் தண்டவாளத்துக்கு அங்காலே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனால், மற்றப் பிள்ளைகள் கடலை வாங்கித் தா என்று அழும். இவள் கல்லிடுக்கில் கையை விட்டு நண்டு தேடுவாள்.

"அம்மா, கடவுள் நண்டுக்கு ஏன் இத்தினை கால் குடுத்தவர்? எனக்கு ஏன் ரெண்டு?"

"உனக்குப் பள்ளிக்கூடம் போக ரெண்டு காணும். வா வீட்டை."

பன்னிரண்டு வயதானபோது கால்வாய்க்கரை அவளுடைய இடமாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து தேத்தண்ணீர் குடித்ததும் ஓடிவிடுவாள். பாலத்தடியில் ஒரு பெரிய கபரகொய்யா, தண்ணீர் உடும்பு, வெயில் காய்ந்துகொண்டு கிடக்கும். அது வயிற்றைத் தூக்கி நடக்கிற நடை அவளுடைய பள்ளிக்கூட அதிபர் நடை மாதிரியாம். அதனால் அதற்கு அதிபர் என்று பெயர். "இண்டைக்கு அதிபர் தண்ணிக்குள்ள இறங்கேல்லை அம்மா, லீவு போல" என்று வந்து சொல்வாள். நான் சட்டிக்குள் பார்த்துக்கொண்டே "ம்" என்பேன்.

அந்த வருடம் தை மாதம்தான் அவள் கொக்குக் கூட்டைக் கண்டுபிடித்தாள். பாலத்துக்குக் கிட்ட ஒரு வாதுமை மரம் நின்றது. அதன் கீழே ஒருவர் தள்ளுவண்டியில் தம்பிலி, அதுதான் செவ்விளநீர், வெட்டி விற்பார். அவருடைய தலைக்கு மேலே, மின்கம்பிப் பக்கமாக நீண்ட கிளையில், நாலைந்து சுள்ளியைத் தாறுமாறாகப் போட்டது போல ஒரு கூடு. குருட்டுக் கொக்கு முட்டை இட்டு அடைகாத்தது. தம்பிலிக்காரர் சிங்களவர், நல்ல மனுசன். இவளை "நங்கி", தங்கச்சி, என்று கூப்பிட்டு, தன் வண்டிக்குப் பக்கத்தில் இருக்க ஒரு பெட்டியைக் கவிழ்த்துக் கொடுப்பார்.

அவள் ஒரு கொப்பி வைத்திருந்தாள். எண்பது பக்கக் கோடு போட்ட கொப்பி. நேரம், பார்த்தது என்று இரண்டு பக்கமாகப் பிரித்து, நாள் தவறாமல் எழுதுவாள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ரீச்சர், நன்றாகக் குறிப்பு எழுதுகிற இரண்டு பிள்ளைகளை மன்னாருக்குப் பூநாரை பார்க்கக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். அந்த இரண்டில் ஒன்றாக வரவேண்டும் என்பதுதான் அவளுக்கு நித்திரையிலும் நினைப்பு. நாங்கள் கதிர்காமம் என்று சொல்கிற மாதிரி அவள் மன்னார் என்று சொல்வாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிள்ளை பெரிசானாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடிய, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும்போது. எனக்குச் சந்தோசத்தில் கை கால் ஓடவில்லை. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுச் சாமித்தட்டின் திரையை இழுத்து மூடினேன். துடக்கு வீடு. அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். அறை மூலையில் பாய் போட்டு, வேப்பிலையும் இரும்புத் துண்டும் வைத்து அவளை இருத்தினேன். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எத்தினை நாள் நான் வெளியில போக ஏலாது?"

"நாளையில இருந்து பதினொராம் நாள் சடங்கு. அதுவரைக்கும் அறைக்குள்ளதான்."

"அதுக்கிடையில குஞ்சு பொரிச்சிடும் அம்மா."

அப்போதுதான் அழுதாள். வயிற்று நோவுக்கு அழவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொப்பியை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"நீங்கள் போய்ப் பாருங்கோவன். விடிய ஆறு மணிக்குப் போனால் காணும். பத்து நிமிசம். பார்க்கிறதை வந்து எழுதினால் சரி."

"நானோ? எனக்குக் கொக்கையும் நாரையையும் பிரிச்சுத் தெரியாது பிள்ளை."

"பிரிக்கத் தேவையில்லை. பார்த்தால் காணும்."

அடுத்த நாள் விடியப் போனேன். தம்பிலிக்காரர் இன்னும் வரவில்லை. மரத்தடியில் நின்று தலையை நிமிர்த்திப் பார்த்தேன். முதலில் கூடும் தெரியவில்லை, கொக்கும் தெரியவில்லை. இலைதான். பிறகு ஓர் இலை தலையைத் திருப்பியது. அதுதான் கொக்கு. முதுகு கறுத்த மாதுளம்பழ நிறம். என்னையே பார்த்தது. நானும் பார்த்தேன். இவ்வளவு காலம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவள் அன்றைக்கு மூக்கைப் பொத்த மறந்துபோனேன். இன்னொரு கொக்கு பறந்து வந்தது. இருக்கும்போது மண்நிறம், பறக்கும்போது முழு வெள்ளை. இது எப்படி என்று வாய் திறந்து நின்றேன். இரண்டும் இடம் மாறி உட்கார்ந்தன. வந்தது அடைகாக்க இருந்தது, இருந்தது பறந்து போனது. ஆண் பெண் இரண்டும் முறை போட்டு அடைகாக்கும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

வீட்டுக்கு வந்து, அறைச் சேலைத் திரைக்குப் பின்னால் இருந்த பிள்ளைக்குச் சொன்னேன். அவள் குறுக்குக் கேள்வி கேட்டாள். எந்தப் பக்கத்தால் வந்தது, சத்தம் போட்டதா, மாறும்போது முட்டை தெரிந்ததா. "நாளைக்குப் பார்த்துச் சொல்லுறன்" என்றேன். அந்த நாளைக்காக நானே காத்திருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று நாள். மூன்றாம் நாள் நேரத்தோடு வந்த தம்பிலிக்காரர், நங்கியின் அம்மாவா என்று கேட்டுச் சிரித்தார். மரத்தடியில் நீலமும் பச்சையும் கலந்த ஒரு கோதுத் துண்டு கிடந்தது. அண்ணாந்து பார்த்தேன், கூட்டுக்குள் ஏதோ நடுங்கியது. கோதைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தேன். சேலைத் திரையை விலக்கி அவள் கையில் வைத்தபோது, அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். எவ்வளவோ நேர்த்திக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் அவளை என் கையில் தந்தபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"குஞ்சு பொரிச்சிட்டுது" என்றாள், மெதுவாக, யாருக்கும் கேட்கக்கூடாதது போல. அறைக்கு வெளியே நின்ற அவளுடைய அப்பா, "கொக்குக்குப் பிள்ளைப்பேறாமோ? அதுக்கும் பத்தியச் சரக்குத்தூள் வறுக்க வேணுமோ?" என்று கேட்டார். அவர் காலி வீதியில் ஒரு சேலைக்கடையில் வேலை. பகிடி இல்லாமல் கதைக்கத் தெரியாது.

அந்த மூன்று விடியற்காலையும் எனக்கு இன்றைக்கும் வேண்டும். எத்தனை வருடம் போனாலும் அந்த ஏக்கம் போகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை இரவு அண்ணாவும் அண்ணியும் கொட்டாஞ்சேனையிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். தாய்மாமன்தானே, சடங்குக்கு அவர் சொல்கிறதுதான் சட்டம். ஹோல் பிடிக்கிறது, கார்ட் அடிக்கிறது, ஆராத்தித் தட்டு எத்தனை என்கிறது எல்லாம் அவர். நாலாம் நாள், சனிக்கிழமை, நான் விடியக் காலை செருப்பைப் போடும்போது அண்ணி படுக்கையில் எழும்பி இருந்தார்.

"எங்க மச்சாள் இந்த நேரத்தில?"

கொக்குக் கூடு பார்க்கப் போகிறேன் என்று என் வாயால் சொல்ல வரவில்லை. "சும்மா பாலத்தடி மட்டும்" என்றேன்.

"உங்களுக்கென்ன விசரோ? துடக்கு வீடு. விடியக்காத்தால தண்ணிக்கரையில போய் நிண்டால் கண்டது நிண்டதெல்லாம் பின்னால வரும். குமர்ப்பிள்ளை அறைக்குள்ள இருக்கிற வீடு. செருப்பைக் கழட்டுங்கோ."

கழற்றினேன். பயமும் இருந்தது, வெட்கமும் இருந்தது. எது கூட என்று கேட்டால் வெட்கம்தான். நாற்பது வயதுப் பொம்பிளை கொக்குப் பார்க்கப் போகிறாள் என்று கொட்டாஞ்சேனை முழுக்கக் கதைத்துச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

பிள்ளை உள்ளே காத்துக்கொண்டிருந்தாள். போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் முகம் வாடுமே என்று நினைத்தேன். கொப்பியை எடுத்து, குசினிக்குள் நின்று, அரிசி கொதிக்கும்போது எழுதினேன். "காலை 6.10. தாய்க் கொக்கு மீன் கொண்டு வந்தது. குஞ்சுகள் இரண்டு. சண்டை பிடிக்காமல் சாப்பிட்டன."

அவள் வாசித்துவிட்டுச் சிரித்தாள். "சண்டை பிடிக்கேல்லையோ? கொக்குக் குஞ்சு சண்டை பிடிக்காமல் சாப்பிடாதே அம்மா. வடிவாப் பார்த்தனீங்களோ?"

"பார்த்தனான். ஒண்டு கொஞ்சம் தள்ளினது. அதை எழுத மறந்திட்டன்."

அவள் பேனையை வாங்கி, "ஒன்று மற்றதைத் தள்ளியது" என்று தன் கையெழுத்தில் சேர்த்து எழுதினாள். என்னுடைய பொய்க்கு அவளுடைய கையெழுத்து. அடுத்த நாள் நானே "கொஞ்சம் சண்டை" என்று எழுதினேன். மூன்றாம் குஞ்சு ஒன்றையும் கொண்டுவந்தேன், அவள் சந்தோசப்படட்டும் என்று. பலகாரம் சுடுகிற எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று அந்தக் குஞ்சுகளை வளர்த்தேன். என் பிள்ளையை எப்படி வளர்த்தேனோ அப்படித்தான் அவையும் வளர்ந்தன. நேரத்துக்குச் சாப்பிட்டன, தாய் சொல் கேட்டன, கூட்டை விட்டு வெளியே எட்டிப் பார்க்கவில்லை. கடையில் பிள்ளையின் அப்பா வாடிக்கையாளர்களுக்கெல்லாம் எங்கள் வீட்டுக் கொக்கைப் பற்றிச் சொன்னாராம்.

சாமித்தட்டின் திரை மூடியிருந்தது. பிள்ளையார் திரைக்கு இந்தப் பக்கம் பார்க்கமாட்டார் என்று நினைக்கிற அளவுக்கு நான் அறிவில்லாதவள் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் விளக்கு வைத்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்திருந்தால் எட்டு நாளும் அந்தப் பொய்யை எழுதியிருப்பேனா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

சடங்கு வடிவாக நடந்தது. ஐயர் வந்து துடக்குக் கழித்தார். திரையை விலக்கி விளக்கு ஏற்றினேன். அடுத்த நாள் விடிய, கையில் மருதோன்றிச் சிவப்பும் புது வளையலுமாக, பிள்ளை என்னை இழுத்துக்கொண்டு பாலத்தடிக்கு ஓடினாள். நான் பின்னால் போனேன். எனக்கு ஒரு நம்பிக்கை. குஞ்சுகள் எப்படியும் இருக்கும், இரண்டோ மூன்றோ, எண்ணிக்கையில் பிழை வந்தால் கண் தெரியவில்லை என்று சொல்லலாம்.

கிளையே இல்லை. கம்பிப் பக்கம் நீண்டிருந்ததையெல்லாம் மொட்டையாக வெட்டியிருந்தார்கள். வெட்டின இடம் காய்ந்து கறுத்துப்போயிருந்தது.

தம்பிலிக்காரர் அவளைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தார். அவரும் அவளும் சிங்களத்தில் கதைத்தார்கள். எனக்குச் சந்தைச் சிங்களம் தெரியும், அதனால் எல்லாம் விளங்கியது, விளங்காமல் இருந்திருக்கலாம். பௌர்ணமிப் போயாவுக்கு முதல் நாள் ஆட்கள் வந்து கம்பிக்கு இடைஞ்சலான கிளையை வெட்டினார்களாம். ஒரு குஞ்சு கிளையோடு விழுந்து அந்த இடத்திலேயே செத்ததாம். மற்றது உயிரோடு இருந்ததாம். நங்கி வருவாள், நங்கிக்கு என்ன செய்கிறது என்று தெரியும் என்று, பிஸ்கட் பெட்டி ஒன்றில் வைத்து இரண்டு நாள் பார்த்திருந்தாராம். சந்தையில் மீன் குடல் வாங்கி வந்து கொடுத்துப் பார்த்தாராம். வாய் திறக்கவில்லையாம்.

"நங்கியும் வரேல்லை, நோனாவும் வரேல்லை" என்றார், என்னைப் பார்த்து. அவர் குறையாகச் சொல்லவில்லை.

போயா எந்த நாள் என்று அவள் விரல் மடித்து எண்ணினாள். வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தாள். போயா அன்றைக்கு நான் எழுதியிருந்தேன்: "மூன்று குஞ்சும் சுகமாக இருக்கின்றன."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அண்ணியைச் சாட்டியிருப்பேன், இரண்டு நாளில் ஆறியிருக்கும்.

"எத்தினை நாள் போனீங்கள் அம்மா?"

"மூண்டு."

"மிச்சம்?"

நான் கொப்பியை மூடப் போனேன்.

"போகேல்லை எண்டு சொல்லியிருந்தால் அப்பாவை அனுப்பியிருப்பன். அந்த ஒண்டாவது உயிரோட இருந்திருக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த எட்டு நாள் பக்கங்களுக்கும் அடிமட்டம் வைத்து மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டாள். கிழிக்கவில்லை. திங்கட்கிழமை கொப்பியை அப்படியே ரீச்சரிடம் கொடுத்து, "இந்த எட்டு நாளும் பிழை, யாரும் பார்க்கேல்லை" என்று சொன்னாளாம். யார் எழுதினது என்று சொல்லவில்லை. ரீச்சர், பிள்ளையே கற்பனையில் எழுதிவிட்டாள் என்று நினைத்திருக்கிறார். மன்னாருக்கு வேறு இரண்டு பிள்ளைகள் போனார்கள். ஒரு கூட்டாளிப் பிள்ளை சொல்லித்தான் இது எனக்குத் தெரிய வந்தது.

மன்னாரில் திருக்கேதீச்சரக் கோயிலுக்கு வான் பிடித்துப் போவோம், போகிற வழியில் பூநாரையும் பார்க்கலாம் என்று கேட்டுப் பார்த்தேன். "வேண்டாம் அம்மா" என்றாள். "நான் பிழை விட்டிட்டன் பிள்ளை" என்று ஒரு நாள் குசினிக்குள் வைத்துச் சொன்னேன். "பரவாயில்லை அம்மா" என்றாள். சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தாள். அந்தப் பரவாயில்லை என்கிற சொல்லை நான் எத்தனையோ நாள் நினைத்து நினைத்துக் கிடந்திருக்கிறேன்.

அவள் என்னோடு கோபித்துக்கொண்டு இருந்தாள் என்று யாரும் நினைக்கவேண்டாம். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருவாள். தலை வாரி இழுக்கத் தருவாள். காய்ச்சல் என்றால் என் மடியில்தான் படுப்பாள். பரீட்சைக் கதை, கூட்டாளிக் கதை, யார் யாரோடு கதைப்பதில்லை என்கிற கதை எல்லாம் சொல்வாள். கால்வாயில் கண்டதை மட்டும் சொல்லமாட்டாள். அதை அப்பாவிடம் சொல்வாள். பின்னேரம் அவர் கடையால் வந்து சாறத்தைக் கட்டிக்கொண்டு இருக்கும்போது, இரண்டு பேரும் பல்கனியில் நின்று கதைப்பார்கள். நான் குழாயைப் பூட்டிவிட்டு, சத்தம் போடாமல் நின்று கேட்பேன். மீன்கொத்தி கரை மண்ணுக்குள் பொந்து தோண்டுகிற கதை, பாமன்கடைப் பக்கம் பெலிக்கன் வந்த கதை. நான் தேத்தண்ணீரோடு போனால் கதை மாறிவிடும். அவள் வேண்டுமென்று மாற்றவில்லை. தானாக மாறும். இவருக்கு அதெல்லாம் விளங்காது. "இண்டைக்கு என்னவோ ஒரு கறுப்புக் குருவியாம்" என்று எனக்கு வந்து சொல்வார். வால் நீளமா கட்டையா என்று கேட்டால், "அதை நான் கேட்கேல்லையே" என்பார். எனக்கு எரியும். நானென்றால் கேட்டிருப்பேன்.

பிள்ளையாருக்கு எத்தனையோ சொன்னேன். சங்கடஹர சதுர்த்தி ஒன்று விடாமல் பிடித்தேன். என் பிள்ளைக்கு நல்ல படிப்பைக் கொடு என்று எல்லோரும் கேட்கிறதைத்தான் நானும் கேட்டேன், அவரும் கொடுத்தார். ஏ/எல் பரீட்சையில் சித்தியடைந்தாள், கம்பசுக்குப் போனாள். இப்போது மன்னாரில் ஒரு சுற்றாடல் நிறுவனத்தில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிற வேலை. தனியாகப் பெட்டைப்பிள்ளையை அங்கே விடுகிறதா என்று அண்ணா கேட்டார். நான்தான் விடச் சொன்னேன்.

ஒவ்வொரு நாளும் போன் எடுப்பாள். சாப்பிட்டீங்களோ, குளிசை போட்டீங்களோ, அப்பாவுக்கு இருமல் எப்படி. நான் கேட்பேன்: "இண்டைக்கு என்ன கண்டனி?"

"வழமையானதுதான் அம்மா."

வழமையானது என்றால் என்ன, அதற்கு என்ன நிறம், இருக்கும்போது ஒரு நிறமும் பறக்கும்போது ஒரு நிறமுமா என்று கேட்க வாய் வரும். கேட்கமாட்டேன். அவள் கணக்கெடுக்கிற சதுப்பு நிலம் எப்படி இருக்கும் என்று நானாக ஒரு படம் மனத்தில் வைத்திருக்கிறேன். அதை நம்பமாட்டேன். நானாக வைக்கிற படம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை லீவில் வந்தாள். சாப்பிட்டு முடிய, பையிலிருந்து தூரக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். விடியப் போகப்போகிறாள் என்று தெரிந்தது. அவள் வருகிற ஒவ்வொரு முறையும் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதை அன்றைக்குக் கேட்டேன்.

"கால்வாய்ப் பக்கம் போறியெண்டால் நானும் வரட்டோ?"

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.

"அந்தச் செருப்போட வழுக்கும். என்ர பழைய சப்பாத்து இருக்கு, போட்டுப் பாருங்கோ."

போட்டுப் பார்த்தேன், அளவாக இருந்தது. விடிய சேலையும் சப்பாத்துமாக நான் வெளிக்கிட, இவர் படுக்கையிலிருந்து, "என்ன, ஓட்டப் போட்டியோ? கப் கிடைச்சால் எனக்கும் காட்டும்" என்றார்.

இப்போது கால்வாய்க்கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். அந்த நேரத்துக்கே ஆட்கள் கையை வீசி நடக்கிறார்கள். நாங்கள் பாமன்கடைப் பக்கமாக, மரம் கவிந்த இடத்தில் போய் நின்றோம். அவள் கதைக்கவில்லை. கொப்பியைத் தொடைக்கு மேல் வைத்து ஏதோ குறிப்பாள், பார்ப்பாள், குறிப்பாள். நான் அவளுக்கு இடைஞ்சல் இல்லாமல் இரண்டு அடி தள்ளி நின்றேன். அவள் கண்ணாடியைத் தூக்கி அக்கரை மரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழே, எங்களுக்கு நேரே தண்ணீர் பிளந்தது.

ஒரு தலை. தட்டையான, மண்நிறத் தலை. மூக்கை மேலே நீட்டி, என்னைப் பார்த்து, மூச்சை விட்டது. மீசையில் தண்ணீர் நின்றது. நான் அவள் கையைத் தொடுவதற்குள் உள்ளே போய்விட்டது. வட்டம் மட்டும் விரிந்துகொண்டு வந்தது.

"பிள்ளை, ஏதோ ஒண்டு."

அவள் கண்ணாடியை இறக்கினாள். "எது?"

"தலை. நாய்க்குட்டித் தலை மாதிரி. மூச்சு விட்டது."

"கபரகொய்யாவா இருக்கும் அம்மா."

"கபரகொய்யாவை எனக்குத் தெரியாதோ? முப்பத்திரண்டு வருசமா அதைப் பார்த்துத்தானே மூக்கைப் பொத்திறன். இதுக்கு மீசை இருந்தது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இன்னொன்றை வளர்க்கிறேன் என்று நினைக்கிறாளா? அவளைச் சந்தோசப்படுத்த மீசை வைக்கிறேன் என்று நினைக்கிறாளா? நினைத்தால் அவள் மேல் பிழை சொல்ல எனக்கு நியாயம் இல்லை. ஆனால் அந்த ஒன்றை நான் உண்மையாகவே கண்டேன். அதை அவள் நம்பவேண்டும் என்று உள்ளுக்குள் கேட்டேன், பிள்ளை வரம் கேட்டபோதுகூட நான் அப்படிக் கேட்டதில்லை.

"காது தெரிஞ்சதோ?"

"சின்னதா. தலையோட ஒட்டி."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மூச்சு. கந்தா எண்டு சொல்லுற நேரம்."

"வால்?"

"வால் பார்க்கேல்லை."

"முதுகு?"

"முதுகும் பார்க்கேல்லை. தலை மட்டும்தான். எந்தப் பக்கம் போனதெண்டும் எனக்குத் தெரியாது."

அவள் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு மணிக்கூட்டைப் பார்த்து எழுதினாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. அவளாகவே கொப்பியைச் சரித்துக் காட்டினாள். "6.25. நீர்நாய், ஒன்று. தலை மட்டும். அம்மா கண்டது. நான் காணவில்லை."

"நீர்நாயோ? இந்தக் கால்வாய்க்குள்ளயோ?"

"இருக்கெண்டு சொல்லுவினம். நான் ஒரு நாளும் காணேல்லை." கொஞ்சம் பொறாமையும் அந்தக் குரலில் இருந்தது. "கேள்விக்குறி ஒண்டு போடட்டோ அம்மா?"

"போடு. வால் காணேல்லைத்தானே."

போட்டாள்.

"திரும்ப மூச்சு விட வரும். நிப்பமோ?" என்றாள்.

நின்றோம். இந்த முறை அவள் மரத்தைப் பார்க்கவில்லை, நான் கைகாட்டிய இடத்தையே பார்த்தாள். நான் இரண்டு அடி தள்ளி நின்றவள், எப்போது அவள் பக்கத்துக்கு வந்தேன் என்று தெரியாது. "அக்கரையில அந்த வேருக்குக் கீழ பாருங்கோ, பொந்து மாதிரி இருக்கு. நீங்கள் அதைப் பாருங்கோ, நான் இதைப் பார்க்கிறன்" என்றாள். வெயில் வந்து தண்ணீரில் விழுந்தது. கண் கூசியது. பிளாஸ்டிக் போத்தல் ஒன்று மிதந்து வந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஏமாந்தோம். பின்னேரம் அவளுக்கு மன்னார் பஸ். கட்டிக் கொடுக்க ஒன்றும் சமைத்து வைக்கவில்லை.

என் போன் அடித்தது. இவர்.

"எங்க நிக்கிறீர்? சனிக்கிழமையெல்லே, கோயிலுக்குப் போகேல்லையோ? பூசைக்கு மணி அடிச்சுப் போட்டினம்."

வேரடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "போறன், கொஞ்ச நேரம் செல்லும்" என்று மெல்லச் சொன்னேன். மகள் வாயில் விரலை வைத்து, கதைக்க வேண்டாம் என்று எனக்குக் காட்டினாள்.